அடையாற்றுக்கு வந்த கோபால்ட்

1886இல் புதுக்கோட்டையில் பிறந்து, 1912இல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்றவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. சட்டமன்றத்தில் தேவதாசி முறைக்கு எதிராக அவர் போராடியதை யாவரும் அறிவர். இயற்பியல் மாணவனாகிய என்னைக் கவர்ந்தது வேறொன்று.

1923இல் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அம்மையார், அந்நோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டுமென்று பல்லாண்டுகள் பாடுபட்டார். 1954இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு அது பிறந்தது. பின்னர் கோபால்ட்-60 கதிர்வீச்சுச் சாதனம் வந்தது.

கோபால்ட்டின் வீரியம் ஏறத்தாழ 5.3 ஆண்டுகளில் பாதியாகிவிடும். அப்போது அதே அளவு கதிரைப் பாய்ச்ச இருமடங்கு நேரமாகும். வரிசையில் இருப்போர் காத்துக் கிடக்க வேண்டும். சாதனத்தை ஒருமுறை வாங்கினால் போதாது. கதிர்மூலத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். (பாடநூலில் அரை ஆயுட்காலம் வெறும் கணக்குத்தான்!) நன்கொடையை நம்பி நடந்த மருத்துவமனை அது, ஏழைகளையும் ஏற்றது. கல்லூரிப் படியையே எங்கள் குடும்பத்தில் முதலில் மிதித்த எனக்கு அதுவே பெரிதாகப் படுகிறது.

அம்மையார் 1968இல் மறைந்தார். மருத்துவமனை வளர்ந்தது.