முதல் நிமிடத்தில் ஐந்து கேள்விகள்



நாமகிரிப்பேட்டைன்னு சொன்னதும் உங்களுக்கு எது ஞாபகம் வருது? மஞ்சள் மண்டி, கொல்லிமலை, அப்புறம் ஊர்ப் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டு சங்கீத கலாநிதி வரைக்கும் போன நாதஸ்வர மேதை கிருஷ்ணன். மூச்சை அடக்கி ஆளும் வித்தைக்குப் பேர் போன ஊர் அது. ஆனால் இந்தக் கட்டுரை, முதல் மூச்சுக்கே திணறும் குழந்தைகளுக்காகப் பாடுபட்ட ஒரு அம்மாவைப் பற்றியது. அவர் நம்ம ஊர்ப் பக்கத்தவர் இல்லை. ஆனாலும் அவர் பெயர் உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கு. வீட்டில் குழந்தை பிறந்திருந்தால் ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துப் பாருங்க. அப்கார் என்று போட்டு, பக்கத்தில் பத்துக்கு எட்டு, ஒன்பது என்று எழுதியிருக்கலாம். அது அவருடைய பெயர்தான். டாக்டர் வர்ஜீனியா அப்கார்.

1909 ஜூன் 7 அன்று அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் பிறந்தார். அப்பாவுக்கு வேலை காப்பீட்டுத் துறையில், மனசெல்லாம் வானொலியிலும் தொலைநோக்கியிலும். நம்ம ஹாஸ்டல்ல சர்க்யூட் போர்டோட ராத்திரி பகலா உட்கார்ந்திருப்பாங்களே, அந்த ரகம். அண்ணன் ஒருவர் சின்ன வயதிலேயே காசநோயில் இறந்துபோனார்.

1933இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மருத்துவப் படிப்பை முடித்தார். வகுப்பில் நான்காவது இடம். ஆசை அறுவை சிகிச்சை நிபுணர் ஆவதில்தான். ஆனால் அந்தப் பொருளாதார மந்த காலத்தில் பெண் சர்ஜனைத் தேடி நோயாளிகள் வருவது கஷ்டம் என்று துறைத் தலைவரே தடுத்து, மயக்கவியல் பக்கம் திருப்பிவிட்டார். அப்போது அமெரிக்காவில் மயக்க மருந்து கொடுப்பது பெரும்பாலும் நர்ஸுகளின் வேலை. டாக்டர்கள் மத்தியில் அதற்குப் பெரிய மதிப்பில்லை. அப்கார் அதையே கற்றுக்கொண்டு வந்து, 1938இல் தன் மருத்துவமனையின் மயக்கவியல் பிரிவுக்குத் தலைவரானார். 1949இல் அந்த மருத்துவக் கல்லூரியின் முதல் பெண் முழுப் பேராசிரியரும் ஆனார். ஆனால் பிரிவு தனித் துறையாக உயர்ந்தபோது, தலைமைப் பதவி ஒரு ஆணுக்குப் போனது. பதினோரு வருஷ உழைப்பு!

அவர் அங்கேயே நின்றுவிடவில்லை. பிரசவ அறைக்குப் போனார். அங்கே ஒரு விஷயம் அவர் கண்ணில் பட்டது. குழந்தை பிறந்த உடனே எல்லாருடைய கவனமும் தாய் மேல். குழந்தை நீலம் பாரிச்சு, துவண்டு கிடந்தால், பலவீனமாகப் பிறந்துவிட்டது என்று கையை விரித்துவிடுவார்கள். எந்தக் குழந்தைக்கு உதவி வேணும் என்று அளக்க ஒரு பொதுவான முறையே கிடையாது.

அளக்காத எதையும் சரி செய்ய முடியாது. இஞ்சினியரிங் படிக்கிற நமக்கு இது புதுசா என்ன? 1949இல் ஒரு நாள் காலை உணவு நேரத்தில், பிறந்த குழந்தையை எப்படி மதிப்பிடுவது என்று ஒரு மாணவர் கேட்க, கையில் கிடைத்த காகிதத்தில் ஐந்து விஷயங்களைக் கிறுக்கிக் கொடுத்தாராம் அப்கார். இதயத்துடிப்பு, மூச்சு, தசையின் முறுக்கு, தூண்டினால் காட்டும் எதிர்வினை, நிறம். ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2. இதயம் நிமிடத்துக்கு நூறுக்கு மேல் துடித்தால் 2, நூறுக்குக் கீழே என்றால் 1, துடிப்பே இல்லை என்றால் 0. வீறிட்டு அழுதால் மூச்சுக்கு 2, விட்டுவிட்டு இழுத்தால் 1. பிறந்த முதல் நிமிடத்தில் கூட்டிப் பார்த்தால் பத்துக்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும். பிறகு ஐந்தாவது நிமிடமும் சேர்ந்தது. மெஷின் வேண்டாம், கரண்ட் வேண்டாம். கண்ணும் காதும் கையும் போதும். 1953இல் இது கட்டுரையாக வெளிவந்தது.

எண் போட ஆரம்பித்ததும் என்ன ஆச்சு தெரியுமா? குழந்தையைத் திரும்பிப் பார்த்தே ஆக வேண்டிய கட்டாயம் வந்தது. எந்த மயக்க மருந்து குழந்தையின் மூச்சை அமுக்குகிறது என்பதும் வெளிப்பட்டது. அதற்கேற்பப் பழக்கங்கள் மாறின.

குறைமாதக் குழந்தைகள் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். ஏழு மாதத்தில் பிறந்த குழந்தையின் நுரையீரலில், காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் வழவழப்பான பொருள் போதுமான அளவு ஊறியிருக்காது. ஒவ்வொரு மூச்சுக்கும் புது பலூனை முதல் தடவை ஊதுற மாதிரி பாடுபடணும். பிராணவாயு குறைந்தால் முதலில் அடி வாங்குவது மூளை. குறைமாத மூளையின் ரத்தக்குழாய்களோ நூல் மாதிரி. அழுத்தம் சட்டென்று ஏறி இறங்கினால் கசிந்துவிடும். அதுக்காக பிராணவாயுவை அள்ளிக் கொட்டவும் முடியாது. 1940களில் அப்படித் தாராளமாகக் கொடுத்ததில் ஏராளமான குறைமாதக் குழந்தைகள் பார்வை இழந்தன. பயந்துபோய் அளவைக் கடுமையாகக் குறைத்தபோது சாவும் மூளைப் பாதிப்பும் வேறு பக்கம் கூடின. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பாடம் உயிரோடு நிற்கிறது, பாருங்க.

1971இல் சான் பிரான்சிஸ்கோவில் கிரெகரி என்ற மருத்துவர் குழுவினர், காற்றறை சுருங்காமல் இருக்க விடாமல் மெல்லிய அழுத்தம் கொடுக்கும் முறையைக் காட்டினார்கள். பின்னாளில் அப்கார் வேலை பார்த்த அதே கொலம்பியாவில் அது எளிமையான வடிவம் எடுத்தது. மூச்சுக்குழாயின் மறுமுனையை ஒரு நீர்க்குடுவையில் அமிழ்த்தினால் போதும். குழாய் எத்தனை சென்டிமீட்டர் முங்குதோ, அத்தனை அழுத்தம்.

ஒரு விஷயத்தில் ஜாக்கிரதை. அப்கார் மதிப்பெண் ஜாதகம் இல்லை. குறைமாதக் குழந்தைக்குத் தசை முறுக்கு இயல்பாகவே குறைவு, அதனால் எண்ணும் குறையும். அதை வைத்துப் பிள்ளையின் புத்தியை யாரும் கணிக்கக் கூடாது. மூச்சு வராத குழந்தைக்கு மதிப்பெண் போடும்வரை காத்திருக்கவும் கூடாது, உதவி உடனே தொடங்கணும்.

1959இல், ஐம்பது வயதில், அப்கார் மறுபடியும் மாணவியாகி ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பொதுச் சுகாதாரம் படித்தார். அதன் பிறகு பிறவிக் குறைபாடுகளைத் தடுக்க ஊர் ஊராகப் போய்ப் பேசினார். அவசரத்துக்கு உதவட்டும் என்று கைப்பையில் பேனாக்கத்தியும் மூச்சுக்குழாயும் எப்போதும் இருக்கும். நடுவில் வயலின் குடும்பத்து வாத்தியங்களைத் தானே செய்தார். மருத்துவமனை டெலிபோன் பூத்திலிருந்த ஒரு மரப்பலகை வியோலாவுக்குப் பொருத்தம் என்று தோன்ற, நள்ளிரவில் தோழி பலகையைக் கழற்ற, யூனிஃபார்மில் காவல் நின்றவர் சாட்சாத் நம்ம பேராசிரியர்தான்! ஐம்பதைத் தாண்டி விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டார். 1974 ஆகஸ்ட் 7 அன்று, தான் வேலை பார்த்த அதே மருத்துவமனையில் காலமானார்.

நண்பர்களே, நாமகிரிப்பேட்டை மாதிரி ஊரிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக ஆம்புலன்ஸ் வரலாம், வென்டிலேட்டர் காத்திருக்கலாம். ஆனால் முதல் நிமிடம், குழந்தையைக் கையில் ஏந்தி நிற்கும் நர்ஸுக்குச் சொந்தம். அந்த நிமிடத்தில் எதைப் பார்க்கணும் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர் அப்கார். நாளைக்கு நீங்கள் ஒரு சென்சாரோ ஒரு மூச்சுக் கருவியோ வடிவமைத்தால், அந்த நர்ஸின் கைக்கு அது எட்டுமா என்று முதலில் கேட்டுப் பாருங்க.