எருதுகளைப் பார்த்து மண்ணைப் படித்தவர்

காலையில் தொழுவத்துக்குள் நுழைந்ததும் மாட்டின் கண்ணையும் மூக்கையும் பார்ப்பீர்கள். சாணம் இளகியிருக்கிறதா என்று பார்ப்பீர்கள். மாடு சுகமாக இருந்தால்தான் அன்றைய வேலை ஓடும். மாடு சுகமாக இருந்தால்தான் மண்ணும் சுகமாக இருக்கும் என்று நூறு ஆண்டுகளுக்கு முன்பே கண்டுகொண்ட விஞ்ஞானி ஒருவர் உண்டு. இயற்கை விவசாயக் கூட்டங்களில் அவர் பெயரைக் கேட்டிருப்பீர்கள்: ஆல்பர்ட் ஹோவார்ட்.

1873-ல் இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் பகுதியில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் படித்தார். மேற்கிந்தியத் தீவுகளில் பயிர்களைத் தாக்கும் பூஞ்சைகளை ஆராய்ந்தார். சொந்தமாக ஒரு பயிரும் வளர்க்காமல் ஆய்வகத்தில் இருந்துகொண்டு விவசாயிக்கு யோசனை சொல்கிறோமே என்ற உறுத்தல் அங்கேயே வந்துவிட்டது.

1905-ல் பிஹார் மாநிலம் பூசாவில் இருந்த ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்தார். அவருடைய மனைவி கேப்ரியலும் தாவரவியல் அறிஞர். இருவரும் சேர்ந்து கோதுமை ரகங்களை உருவாக்கினார்கள். ஆய்வுக்கு 75 ஏக்கர் கிடைத்தது. சுற்றுவட்டார விவசாயிகளின் வயல்களில் மருந்து அடிக்காமலேயே பயிர் நன்றாக இருப்பதைப் பார்த்தார். அந்த விவசாயிகளையே தன் ஆசிரியர்களாக ஏற்றுக்கொண்டார்.

பயிரைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் மாட்டையும் புரிந்துகொள்ள வேண்டும் என்பது அவர் எண்ணம். தனக்கென உழவு எருதுகள் வேண்டும் என்று கேட்டார். முதலில் மறுத்தார்கள். விடாமல் கேட்டு ஆறு ஜோடி வாங்கினார். எருதுகளைத் தேர்ந்தெடுப்பது, தொழுவம் அமைப்பது, தீவனம் கொடுப்பது எல்லாம் அவர் பொறுப்பு. வளமான மண்ணில் விளைந்த பசுந்தீவனம், காற்றோட்டமான இடம் என்று பார்த்துப் பார்த்து வளர்த்தார். பக்கத்துப் பண்ணையில் கோமாரி வந்தபோது, அவருடைய எருதுகள் வேலிக்கு அப்பால் நின்ற நோய்ப்பட்ட மாடுகளோடு மூக்கை உரசுவதை நேரில் கண்டார். அவற்றுக்கு நோய் வரவில்லை.

இதைப் படித்துவிட்டுத் தடுப்பூசி வேண்டாம் என்று முடிவெடுத்துவிடாதீர்கள். அது ஒருவர் தன் பண்ணையில் கண்டது. ஒப்பிட்டுச் செய்த சோதனை அல்ல. கோமாரித் தடுப்பூசியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் போடுங்கள்.

அவருக்கும் ஒரு சறுக்கல் வந்தது. 1924-ல் இந்தூரில் புதிய ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநரானார். ஆரம்பத்தில் ஒரு கோடையில் தீவனம் போதவில்லை; எருதுகள் மெலிந்தன, சிலவற்றுக்குக் கோமாரி வந்தது. அவற்றுக்கு ஓய்வும் நல்ல தீவனமும் கொடுத்துத் தேற்றினார்கள். அடுத்த கோடைக்கு முன்பே பசுந்தீவனத்தைக் குழியில் பதப்படுத்திச் சேமித்துவிட்டார்கள். சில ஆண்டுகளில் அதே எருதுகள் விவசாயக் கண்காட்சிகளில் நிறுத்தப்பட்டன. இந்தூர் நகரின் சாமி ஊர்வலங்களுக்கும் கேட்டு வாங்கிப் போனார்கள். பராமரித்த தொழிலாளர்களுக்கு அதில் அவ்வளவு பெருமை.

இந்தூர் முறை மட்கு உரம் பிறந்ததும் அந்தத் தொழுவத்தில்தான். மாடுகளுக்குக் கீழே மண் தரை. அதன்மேல் பயிர்க் கழிவுகளைப் படுக்கையாகப் பரப்புவார்கள். காலையில் ஈரமான படுக்கையை அள்ளி, சாணம், மூத்திரம் ஊறிய மண், சாம்பல் ஆகியவற்றோடு அடுக்கடுக்காகக் குழியில் போடுவார்கள். மூன்று முறை புரட்டினால் மூன்று மாதத்தில் உரம் தயார். மாட்டுக்கு ஈரமில்லாத மெத்தை, மண்ணுக்கு உணவு. ஒரே வேலையில் இரண்டு பலன். இந்த முறையை விளக்கும் நூல் 1931-ல் வெளிவந்தது. அதே ஆண்டில் அவர் இந்தியாவை விட்டுப் புறப்பட்டார். 1940-ல் அவர் எழுதிய நூல் உலகெங்கும் இயற்கை விவசாயத்துக்கு வழிகாட்டியானது. 1947-ல் காலமானார்.

2015-ல் ஐ.நா. சபை வகுத்த 17 நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் கால்நடை நலனுக்கென்று தனி இலக்கு கிடையாது. 2022-ல் நைரோபியில் கூடிய ஐ.நா. சுற்றுச்சூழல் பேரவைதான், விலங்கு நலனும் சுற்றுச்சூழலும் நிலைத்த வளர்ச்சியும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்று தீர்மானம் போட்டது. ஹோவார்ட் தன் தொழுவத்தில் கண்ட பிணைப்பு, உலக சபைக்கு வந்து சேர இத்தனை காலமாகியிருக்கிறது.

உங்கள் தொழுவத்தை ஒருமுறை பாருங்கள். மூத்திரம் சாக்கடைக்கு ஓடுகிறதா? மாடு ஈரத்தில் படுக்கிறதா? சருகையும் சோளத்தட்டைக் கழிவையும் எரிப்பதை நிறுத்திவிட்டு, இன்று இரவு மாட்டுக்குக் கீழே பரப்பிவிடுங்கள். மாடு நிம்மதியாகப் படுக்கும். மூன்று மாதத்தில் உங்கள் வயலுக்கு உரமும் வந்து சேரும்.