மேரி கார்ப்பெண்டர் அம்மையார்

ஆங்கில நாட்டில் எக்ஸிட்டர் நகரத்தில் 1807-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் தேதி பிறந்தவர் மேரி கார்ப்பெண்டர் அம்மையார். தந்தையார் யூனிட்டேரியன் சபைப் போதகர். 1817-இல் பிரிஸ்டலில் குடியேறி, ஆண்பிள்ளைகளுக்குப் பாடசாலையும் நடத்தினார். அப்பிள்ளைகளுடன் அமர்ந்தே மேரியும் இலத்தீன், கிரேக்கம் முதலியன கற்றார். 1833-இல் இராஜா ராம்மோகன் ராய் பிரிஸ்டலுக்கு வந்து அங்கேயே காலமானார்; அம்மையாருக்கு இந்தியாவின்மேல் உண்டான பற்று அன்று தொடங்கியதே.

அக்காலத்தில் சிறு களவு செய்த பாலகனும் கைதேர்ந்த கள்வனும் ஒரே சிறையில் அடைபட்டிருத்தல் இயல்பாயிருந்தது. 1838-இல் வைட் தீவில் பார்க்கர்ஸ்ட் என்னுமிடத்தில் சிறுவர்க்கெனத் தனிச்சிறை ஏற்பட்டது. ஆங்கும் தொடக்கத்தில் காலில் விலங்கு பூட்டினர். அம்மையாரோ 1846-இல் லூயின்ஸ் மீட் என்னும் ஏழையர் பகுதியில் கந்தலணிந்த பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்து, அவர்தம் நிலையை நேரில் அறிந்தவர். பிள்ளையைத் திருத்துவது வீட்டையொத்த வாழ்வும் தொழிற்பயிற்சியுமே, சிறையன்று என்பது அவர் துணிபு. இதனையே 1851-இல் நூலாக வெளியிட்டார். பெண்டிர்க்கு வாக்குரிமையும் இல்லாத அந்நாளில், 1852-இல் பார்லிமெண்டுக் குழுவின் முன்னும் எடுத்துரைத்தார்.

அவ்வாண்டே கிங்ஸ்வுட்டில், ஜான் வெஸ்லியின் பழைய பள்ளிக் கட்டடத்தில், சீர்திருத்தப் பாடசாலையொன்று தொடங்கினார். பிள்ளைகள் ஓடிப்போயினர், கலகமும் விளைத்தனர். அன்பொன்றே போதுமென எளிதிற் பேசும் எம்போன்ற மாணாக்கர் இவ்விடத்தில் சற்றே தயங்குதல் வேண்டும். அம்மையார் சோர்ந்தாரல்லர். 1854-இல், கவிஞர் பைரனின் மனைவியார் வாங்கியுதவிய ரெட் லாட்ஜ் மாளிகையில் பெண்பிள்ளைகளுக்கெனத் தனிப் பள்ளி வைத்தார்.

அதே ஆண்டில் சட்டம் பிறந்தது. பதினாறு வயதுக்குட்பட்ட குற்றவாளிகளை இத்தகைய பள்ளிகளுக்கு அனுப்ப நீதிபதிகள் அதிகாரம் பெற்றனர். ஆயினும், முதலில் 14 நாட்களேனும் சிறையிலிருந்த பின்னரே பள்ளி என்று அச்சட்டம் விதித்தது. குற்றத்துக்குத் தண்டனை வேண்டுமென்பாரைச் சமாதானப்படுத்தச் செய்த ஏற்பாடு இது. அம்மையார் இதனை இறுதிவரை எதிர்த்தார். பள்ளிவாசமும் இரண்டு முதல் ஐந்தாண்டுகள் வரை நீண்டது. பெற்றோரைப் பிரிந்த பிள்ளைக்கு அதுவும் ஒருவகைச் சிறையாகத் தோன்றியிருத்தல் கூடும்.

1866 முதல் நான்கு முறை இந்தியாவுக்கு வந்தார், சென்னையையும் கண்டார், பெண்கல்வியோடு சிறைச் சீர்திருத்தத்தையும் வற்புறுத்தினார். 1876-இல் இந்நாட்டிலும் சீர்திருத்தப் பாடசாலைச் சட்டம் நிறைவேறியது. செங்கற்பட்டுப் பள்ளி 1887-இல் எழுந்தது.

அம்மையார் 1877 ஜூன் மாதத்தில் பிரிஸ்டலில் உயிர் நீத்தார். ராம்மோகன் ராயின் சமாதி விளங்கும் ஆர்னோஸ் வேல் கல்லறைத் தோட்டத்திலேயே அவரும் அடக்கம் செய்யப்பட்டார். அந்தப் பதினான்கு நாட் சிறைவிதி முற்றும் நீங்கியது 1899-இல்.