ஜூடோ தந்த ஆசான்

மற்போர் தமிழர்க்குப் புதிதன்று. ஆமூர் மல்லனைப் பொருது வீழ்த்திய சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளியைப் புறநானூறு காட்டுகின்றது. ஆயின், உடல் மெலிந்தான் ஒருவன் தன்னினும் வலியானை நிலத்தில் வீழ்த்துதல் கூடுமோ? கூடும் என நிறுவியவர் ஜப்பான் நாட்டு ஜிகோரோ கானோ ஆவார்.

இவர் 1860ஆம் ஆண்டு, கோபே நகரை அடுத்த மிக்காகே என்னும் ஊரில், செல்வக் குடியொன்றில் பிறந்தார். இளமையிலேயே அன்னையை இழந்து, பின்னர் டோக்கியோ சென்று கல்வி பயின்றார். படிப்பில் முதல்வர், உடலிலோ சிறியர். உயரம் ஐந்தடிக்குச் சற்றே மேல். விடுதியில் உடன் பயின்ற முரட்டு மாணவர் அவரைத் துன்புறுத்தினர். அத்துன்பமே ஜுஜுட்சு என்னும் பழைய மற்கலையின்பால் அவரைச் செலுத்தியது. மேனாட்டு நாகரிகத்தை ஜப்பான் விரைந்து தழுவிய காலம் அது. பழங்கலை எதற்கு எனத் தந்தையார் தடுத்தார், கானோ கேட்டிலர். 1877இல் பல்கலைக்கழகம் புகுந்ததும், ஃபுக்குடா என்னும் ஆசிரியரை அடைந்து பயிலத் தொடங்கினார்.

ஆங்கு ஃபுக்குஷிமா என்னும் பருத்த தோழர் ஒருவர் இருந்தார். அவரை அசைக்கவும் கானோவால் இயலவில்லை. சூமோ மற்போரின் பிடிகளை முயன்று பார்த்தார்; பயனில்லை. பின்னர் நூலகம் சென்று மேனாட்டு மற்போர் முறைகளை ஆராய்ந்தார். அவற்றுள் ஒன்றைத் திருத்தி, எதிரியைத் தோளின்மேல் ஏற்றி எறியும் பிடியொன்றை அமைத்தார். அடுத்த முறை ஃபுக்குஷிமா தரையிற் கிடந்தார்! நூலகத்தில் மற்போர் கற்றவர் உலகில் மிகச் சிலரே ஆவர்.

வலியவன் தள்ளுங்கால் எதிர்த்துத் தள்ளும் மெலியவன் தோற்பான்; இசைந்து பின்வாங்கி இழுத்தானாயின், வலியவன் தன் வலியாலேயே தடுமாறுவான். பெருங்காற்றில் மூங்கில் வளைந்து பிழைப்பதும், விறைத்து நின்ற மரம் முறிவதும் கொல்லிமலைத் தேவனூர் நாட்டில் வாழ்வோர் அறியாதன அல்ல. எதிரி நிலை குலையும் அந்த நொடியைப் பற்றுதலே கானோ கண்ட நுட்பம். கொடிய பிடிகளைப் பயிற்சியினின்று விலக்கி, எஞ்சியவற்றை ஒழுக்கக் கல்வியாக்கி, மென்மை நெறி என்னும் பொருள்பட ஜூடோ எனப் பெயரிட்டார். 1882இல் டோக்கியோவின் எய்ஷோஜி என்னும் பௌத்தக் கோயிலில், பன்னிரண்டு பாய்கள் விரித்த அறையில், ஒன்பது மாணவருடன் கோடோக்கன் பள்ளி தொடங்கிற்று.

கானோ ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியின் தலைவராகவும் நெடுங்காலம் விளங்கினார். 1909இல் உலக ஒலிம்பிக் குழுவில் ஆசியாவின் முதல் உறுப்பினரானார். 1911இல் தம் நாட்டு விளையாட்டுக் கழகத்தை நிறுவி, மறு ஆண்டே ஸ்டாக்ஹோம் நகருக்கு இரண்டே வீரரை அழைத்துச் சென்றார். 1929இல் கோடோக்கன் ஆசிரியர் தக்காகாக்கி, தாகூரின் சாந்திநிகேதனத்துக்கு வந்து ஜூடோ கற்பித்தார். 1940ஆம் ஆண்டின் ஒலிம்பிக்கை டோக்கியோவுக்குப் பெற்றுத்தர, முதுமையிலும் கானோ கடல் பல கடந்தார். 1938இல் கெய்ரோக் கூட்டம் முடிந்து திரும்புகையில், மே 4ஆம் நாள் கப்பலிலேயே உயிர் நீத்தார். சில திங்களுள், சீனப் போரில் ஆழ்ந்திருந்த ஜப்பான் அவ்விழாவைக் கைவிட்டது.

உலகப்போருக்குப்பின் ஜப்பானியப் பள்ளிகளில் ஜூடோ தடை செய்யப்பட்டது. எனினும் 1949இல் அனைத்து ஜப்பான் ஜூடோ சம்மேளனம் தோன்றியது. கானோவின் மைந்தர் ரிசெய் அதன் தலைவரானார். 1964இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜூடோ முதன்முறையாக இடம்பெற்றது. நான்கு தங்கப் பதக்கங்களுள் மூன்றினைச் சம்மேளனத்தின் வீரர்கள் வென்றனர். எஞ்சியது எடை வரம்பற்ற பிரிவு. ஜப்பானியர் பெரிதும் விரும்பியது அதுவே. ஆறரையடி உயர டச்சு வீரர் ஆன்டன் கீசிங்க், காமினாகாவை வீழ்த்தி அதனைக் கொண்டார். மெலியார்க்கென அமைந்த கலையில் மிகப் பெரியவர் வென்றது வியப்பே! அரங்கம் அமைதியில் ஆழ்ந்தது. மகிழ்ச்சி பொங்க ஓடிவந்த தம் நாட்டவரைக் கீசிங்க் கையுயர்த்தித் தடுத்தார். பின்னர்த் தோற்றவரை நோக்கித் தலைதாழ்த்தி வணங்கினார்.