ஊர் ஊராய் ஒளி சுமந்தவர்

லாபிஸ் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த முதியவர்களைக் கேட்டால், திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய இரவுகளை நினைவுகூர்வார்கள். மக்கள் படத்தைத் தேடிப் போகாமல், படமே மக்களைத் தேடி வந்த காலம் அது. தென்னிந்தியாவில் இவ்வழக்கத்திற்கு வித்திட்ட முன்னோடி சாமிக்கண்ணு வின்சென்ட்.

இவர் 1883ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் பிறந்தார். திருச்சிராப்பள்ளியில் இரயில்வே துறையில் வரைவாளராகப் பணியாற்றினார். 1905ஆம் ஆண்டில் டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரர் அந்நகருக்கு வந்து ஊமைப்படங்களைத் திரையிட்டார். அவர் நோய்வாய்ப்பட்டதால் தம் கருவியை விற்றுவிட்டுத் தாயகம் திரும்ப விரும்பினார். அதன் விலை ஏறத்தாழ 2,000 ரூபாய். அது வின்சென்டின் பல ஆண்டுச் சம்பளத்திற்கு ஈடான தொகை. ஆயினும், அவர் துணிந்து பணம் திரட்டிக் கருவியையும் படச்சுருள்களையும் வாங்கினார். நிலையான வேலையையும் கைவிட்டார். அப்போது அவருக்கு வயது 22.

அந்நாளில் பெரும்பாலான ஊர்களில் திரையரங்கும் இல்லை, மின்சாரமும் இல்லை. எனவே, வின்சென்ட் கூடாரத்தையும் கருவியையும் சுமந்து ஊர் ஊராகச் சென்றார். கூடாரம் அடித்து, இயேசுவின் வாழ்க்கையைக் கூறும் படம் முதலியவற்றைத் திரையிட்டார். எழுத்தறியாதவரும் அவற்றைக் கண்டு மகிழ்ந்தனர். தென்னிந்திய ஊர்களில் தொடங்கிய இப்பயணம், வடக்கே லாகூர், பெஷாவர் வரை நீண்டது.

பல ஆண்டுகள் அலைந்து திரிந்த வின்சென்ட், 1914ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான திரையரங்கைக் கட்டினார். அதற்குத் தேவையான மின்சாரத்தை இயந்திரம் வைத்து அவரே உற்பத்தி செய்தார். மின்சாரத்தால் இயங்கும் அச்சகம், அரிசி ஆலை ஆகியவற்றையும் நடத்தினார். பின்னர்ப் பேசும் படம் வந்தபோது அவர் பின்தங்கிவிடவில்லை. 1933இல் வெளிவந்த ‘வள்ளி திருமணம்’ படத்தின் தயாரிப்பில் பங்கேற்று வெற்றி கண்டார்.

வின்சென்ட் 1942ஆம் ஆண்டு மறைந்தார். அவருடைய அரங்கின் பெயரைத் தாங்கிய வெரைட்டி ஹால் சாலை இன்றும் கோயம்புத்தூரில் உள்ளது. அவர் திரையில் தோன்றிய நடிகர் அல்லர். படங்களை இயக்கிப் புகழ் பெற்றவரும் அல்லர். ஆனால், எங்கோ எடுக்கப்பட்ட படத்தை எளிய மக்களின் ஊருக்கே கொண்டு சேர்த்தார். ஒரு புதுமை உருவானால் மட்டும் போதாது. அதை மக்களிடம் கொண்டு செல்பவரும் வேண்டும் என்பதை அவரது வாழ்க்கை நமக்கு உணர்த்துகிறது.