ஆலை ஓய்ந்த நான்கு மாதங்கள்

ஒரு நிறுவனத்தின் நீதியை அதன் இலாபக் காலத்தில் அளந்தறிதல் அரிது. நட்டக் காலமே அதற்கு உரைகல். றொபேட் ஓவனின் வாழ்வு இவ்வுண்மைக்குச் சான்று.

1771இல் வேல்ஸ் நாட்டின் நியூடவுன் என்னும் சிற்றூரிற் பிறந்த ஓவன், பத்து வயதளவிலேயே ஊரை விட்டுத் துணிக்கடைகளில் வேலை பழகினார். 1800இல் ஸ்கொத்லாந்தின் நியூ லானாக் பஞ்சாலையின் முகாமைப் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. வேற்றூரிலிருந்து வந்த முதலாளியைத் தொழிலாளர் நம்பினாரல்லர். அப்பத்தாண்டினுள் ஐக்கிய அமெரிக்கா தன் ஏற்றுமதியைத் தடுக்கவே, பஞ்சின் விலை மிக ஏறிற்று. ஓவனும் பொறிகளை நிறுத்தினார். ஆயினும் எவரையும் விலக்கவில்லை. பொறிகளைத் துடைத்துப் பேணுவதையே வேலையாக்கி, நான்கு மாதமும் முழுக்கூலி கொடுத்தார். செலவு 7,000 பவுணுக்கு மேல். அதன்பின் தொழிலாளரின் ஐயம் அகன்றது.

பத்து வயதுக்குட்பட்ட சிறாரை வேலைக்கமர்த்துவதை அவர் நிறுத்தினார். 1816இல் பெரும் பாடசாலையொன்றைத் திறந்தார். தண்டனைக்கு மாறாக, ஒவ்வொருவர் அருகிலும் நான்கு நிறமுள்ள மரக்கட்டையொன்றைத் தொங்கவிட்டார். முதல்நாள் நடத்தை தீதாயின் கறுப்பும், மிக நன்றாயின் வெள்ளையும் முன்னே தெரியும். மேற்பார்வையாளரின் மதிப்பீடு தவறென எண்ணியவர், அது ஏட்டிற் பதியப்படுமுன் ஓவனிடமே முறையிடலாம்.

இத்தகைய செலவுகளைப் பங்காளிகள் விரும்பவில்லை. 1813இல் ஆலை ஏலத்துக்கு வந்தபோது, நூற்றுக்கு ஐந்து வீத வருவாயுடன் அமைய இசைந்த புதிய பங்காளிகளோடு 114,100 பவுணுக்கு அதனை வாங்கினார்.

எனினும் நியூ லானாக்கின் நன்மையெல்லாம் ஒருவரின் உள்ளத்தை நம்பியே நின்றது. தொழிலாளருக்கு முறையிடும் உரிமை இருந்தது. முடிவு செய்யும் உரிமை இருக்கவில்லை. பிற முதலாளிகளைச் சட்டத்தாற் கட்டுப்படுத்த வேண்டுமென ஓவன் 1815 முதல் வாதாடினார். 1819இல் வந்த சட்டமோ சம்பளம் பெறும் பரிசோதகரை நியமியாமையாற் பயன் குன்றிற்று. 1825இல் அமெரிக்காவில் அவர் அமைத்த நியூ ஹார்மனிக் குடியிருப்பும் விரைவிற் கலைந்தது; அவரது செல்வத்திற் பெரும்பகுதி அதனோடு போயிற்று.

1844இல் இங்கிலாந்தின் றொச்டேல் நகரில், அவர் கருத்துக்களால் ஊக்கம் பெற்றோர் சிலரும் சேர்ந்து கூட்டுறவுக் கடையொன்றைத் தொடங்கினர். அங்கே இலாபம், வாங்கியோருக்கு அவரவர் வாங்கிய அளவுக்கேற்பப் பகிரப்பட்டது. கடையை நடத்தும் உரிமையும் உறுப்பினர் கையிலிருந்தது. நீதி ஒருவர் வழங்கும் கொடை என்னும் நிலை மாறிப் பலர் காக்கும் உரிமையாயிற்று. 1858இல் பிறந்த ஊரிலேயே ஓவன் கண்மூடினார். நல்ல முதலாளி வாய்ப்பது பேறு. அவர் வாயாதபோதும் நிலைக்கும் நீதியே நிறுவனத்தின் அறம்.