கொற்கையாளி அதிவீரராம பாண்டியர்

கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் மன்னர் ஒருவரின் வாழ்க்கை எதற்கு என்று நம் இளைஞர் சிலர் வினவக்கூடும். அரண்மனையிலும் போர்க்களத்திலும் நம் முன்னோரின் பெயர்களை எவரும் எழுதி வைத்தாரல்லர். ஆயினும் கல்வியைப் பற்றி இம்மன்னர் எழுதி வைத்த சொல் நம் வழக்கிற்கு வலுவான சான்றாக நிற்பது. ஆதலின் அவர் வரலாற்றை நாம் அறிந்துகொள்ளுதல் நலம்.

தூத்துக்குடிக் கடற்கரையை அடுத்துள்ள கொற்கை இன்று சிற்றூர். பண்டு அது பாண்டியரின் பெருந்துறையாகவும் முத்துக்குளிப்பின் தலைமையிடமாகவும் விளங்கிற்று. கி.பி. முதல் நூற்றாண்டைச் சார்ந்த கிரேக்க வணிகக் குறிப்பு நூலாகிய பெரிப்ளூஸ், இத்துறையில் தண்டனை பெற்ற குற்றவாளிகளே முத்துக் குளித்தனர் என்று கூறுகின்றது. முத்து அணிந்தவர் ஒருவர். மூச்சடக்கி அதனை எடுத்தவர் வேறொருவர். பின்னர்த் தாமிரவருணி கொணர்ந்த வண்டல் துறையைத் தூர்த்தது. கடல் விலகிச் சென்றது. இன்று கொற்கைக்கும் கடலுக்கும் இடையே ஆறேழு கி.மீ. தொலைவு உண்டு. வாணிகம் பழைய காயலுக்கும், பிறகு புன்னைக்காயலுக்கும், இறுதியில் தூத்துக்குடிக்கும் பெயர்ந்தது.

துறையைப் போலவே பாண்டியர் ஆட்சியும் இடம்பெயர்ந்தது. 14ஆம் நூற்றாண்டில் மதுரை சுல்தான்களின் கைப்பட்டது. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் விசயநகர இளவரசர் குமார கம்பணர் அவர்களை வென்றார். எனினும் மதுரையின் பழைய ஆட்சி பாண்டியர்க்குத் திரும்பவில்லை. அவர்கள் தெற்கே ஒதுங்கினர். மேற்கு மலையடிவாரத்துத் தென்காசியைத் தலைமையிடமாகக் கொண்டு, விசயநகரப் பேரரசிற்கு அடங்கிய சிற்றரசராக ஆண்டனர். அம்மரபில் வந்தவரே அதிவீரராம பாண்டியர்.

அவர் 1564ஆம் ஆண்டில் முடிசூடினார் என்பர். அடுத்த ஆண்டிலேயே, 1565இல், தலைக்கோட்டைப் போரில் விசயநகரம் பெருந்தோல்வியுற்றது. தலைமைப் பேரரசு தளர்ந்தால் சிற்றரசர் தலைநிமிர்வர் என்று நாம் எண்ணலாம். தென்பாண்டி நாட்டில் அவ்வாறு நிகழவில்லை. பேரரசின் பெயரால் மதுரையை ஆண்ட நாயக்கரே வலிமை பெற்றனர். அதிவீரராமர் பட்டமேறிய அதே 1564இல் மதுரையில் முதலாம் கிருஷ்ணப்ப நாயக்கர் ஆட்சிக்கு வந்தார். பாளையங்கோட்டையை அடுத்துள்ள கிருஷ்ணாபுரம் அவர் பெயரைத் தாங்கிய ஊர். பாண்டிய நாட்டின் நடுவிலேயே நாயக்கர் தம் பெயரால் ஊரும் கோயிலும் எழுப்பினர் என்பதிலிருந்து, நிலத்தின் மெய்யான அதிகாரம் எங்கிருந்தது என்பதை உணரலாம்.

கடற்கரையின் நிலை என்ன? 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர் போர்ச்சுகீசியரின் பாதுகாப்பை நாடிக் கத்தோலிக்க மறையைத் தழுவினர். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் அங்கு வந்து சேர்ந்தார். ஆகவே அதிவீரராமர் காலத்தில் முத்துக்கடல் பாண்டியர் கையில் இல்லை. மதுரை இல்லை, கடல் இல்லை, தனியுரிமையும் இல்லை. ஆயினும் கொற்கையை ஆள்பவர் என்னும் பழம்பெயர் மட்டும் அவரை விட்டு நீங்கவில்லை. வெற்றிவேற்கை என்னும் அவரது நீதி நூலின் பாயிரம் அவரைக் கொற்கைக்கு உரியவராகவே குறிக்கின்றது.

வாளால் மீட்க இயலாத பெருமையை அவர் எழுத்தாணியால் தேடினார் எனலாம். வடமொழியில் ஸ்ரீஹர்ஷர் இயற்றிய நளன் கதையைத் தழுவி நைடதம் பாடினார். புலவர்க்கு மருந்து போன்றது என்று அந்நூலைக் கற்றோர் போற்றுவர். காசி காண்டம், கூர்ம புராணம் ஆகியவையும் அவர் இயற்றியவை. அவர் உறவினராகிய வரதுங்கராம பாண்டியரும் பிரமோத்தர காண்டம் பாடிய புலவர். நைடதத்தைப் படித்த வரதுங்கரின் மனைவியார், அதன் தொடக்கத்து விரைவு இறுதியில் இல்லை என்று குறை கூறியதாகச் செவிவழிக் கதை ஒன்று உண்டு. அரசர் நூலையும் அஞ்சாது எடைபோடும் கல்வி அவ்வம்மையாருக்கு இருந்ததாகவே நாட்டு மக்கள் நினைவில் வைத்துள்ளனர்.

நமக்கு நெருக்கமானது வெற்றிவேற்கையே. நறுந்தொகை என்பது அதன் மற்றொரு பெயர். எழுத்தறிவித்த ஆசானை இறைவனுக்கு ஒப்பாக வைத்து அந்நூல் தொடங்குகின்றது. இரந்து உண்ண நேர்ந்தாலும் கல்வியைக் கைவிடலாகாது என்கின்றது. நால்வகைக் குலத்துள் மேற்குலத்தவன் எனப்படுவோன் கல்லாதவனாயின் அவன் கீழானவனே என்கின்றது. எக்குடியிற் பிறந்தவராயினும் கற்றவரை உலகம் முன்வருக என்று அழைக்கும் என்றும் உரைக்கின்றது. சங்க காலப் பாண்டியன் ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் புறநானூற்றுப் பாடலொன்றில் கூறிய கருத்தும் இதுவே. இருவர்க்கும் இடையே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலம் உண்டு. பாண்டியர் குடியின் வாக்கு மாறவில்லை.

ஆனால் வாக்கு வேறு, வழக்கம் வேறு. இதனை நாம் மறைத்தல் ஆகாது. மன்னர் எண்ணிய குலங்கள் நான்கு. அந்நான்கிற்கும் வெளியே நிறுத்தப்பட்டவர் நம் முன்னோர். எக்குடியாயினும் என்ற சொல்லில் அவர்களுக்கும் இடமுண்டு, பள்ளியில் இடமில்லை. வெற்றிவேற்கை தமிழகத்துத் திண்ணைப் பள்ளிகளில் சிறுவர் மனப்பாடம் செய்த நூல். எக்குடிப் பிறந்தோரும் கற்கலாம் என்று உரத்த குரலில் பிள்ளைகள் ஓதினர். அத்திண்ணையில் ஏற நம் பிள்ளைகளுக்கு இசைவில்லை. ஓதிய பிள்ளைகளும் ஓதுவித்த ஆசிரியரும் அச்சொல்லின் பொருளை எண்ணிப் பார்த்திருப்பின் நம் வரலாறே வேறாக அமைந்திருக்கும்.

அம்மன்னர் ஆண்ட நாளிலேயே, 1578இல், முத்துக்குளித்துறையில் தொண்டாற்றிய அண்டிரிக் அடிகளாரின் தம்பிரான் வணக்கம் தமிழ் எழுத்தில் கொல்லத்தில் அச்சாயிற்று. ஓலையில் அடங்கிக் கிடந்த எழுத்து பலர் கைக்கும் செல்லும் வழி அன்றே தோன்றிற்று. ஆயினும் அது நம் குடிசைக்கு வந்து சேர 300 ஆண்டுகளுக்கு மேலாயிற்று. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் நமக்கென இதழ் தொடங்கினார். 1894இல் கர்னல் ஆல்காட் சென்னையில் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி திறந்தார். அயோத்திதாசப் பண்டிதர் அத்தகைய பள்ளிகளுக்கு உறுதுணையாக நின்றார். மன்னரின் வாக்கை மெய்ப்பித்தவர்கள் இத்தகையோரே, முடிசூடியவர் அல்லர்.

அதிவீரராமர் நாற்பது ஆண்டுகளை ஒட்டி ஆண்டு, 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்தார். அவர்க்குப் பின் தென்காசிப் பாண்டியர் மரபு விரைவில் மங்கிற்று. அவர் செலுத்திய திறையும் பெற்ற விருதும் மறைந்தன. கொற்கைத் துறை மண்மூடிக் கிடக்கின்றது. சிறுவர்க்கென எழுதிய அந்தச் சிறுநூல் மட்டும் நின்று வாழ்கின்றது.

அந்நூலிலேயே ஓர் உவமை உண்டு. பனையின் பெரிய விதை வானுற ஓங்கி வளர்ந்தாலும் ஒருவர்க்கும் நிழலாகாது. மீன் முட்டையினும் நுண்ணிய ஆலம்விதையோ, படையோடு வரும் அரசர்க்கும் நிழல் தரும் மரமாகும். 25 ஆண்டுகளுக்கு முன் நம் பெரியோர் ஊன்றியது ஆலம்விதை. படித்து உயர்ந்த நம் இளைஞர் ஒவ்வொருவரும் தாம் பனையாய் நிற்பதா, ஆலாய்ப் படர்வதா என்று தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். பட்டமும் பதவியும் பெற்றபின் சேரியின் பக்கம் திரும்பிப் பாராதவர் உயரமாக நிற்கலாம், நிழலாக மாட்டார். எக்குடியாயினும் என்று மன்னர் எழுதிய சொல்லுக்குப் பொருள் தரும் கடமை இன்று நம்முடையது. மாலையில் நம் சங்கத்தின் விளக்கடியில் ஒரு பிள்ளைக்கு எழுத்தறிவிப்பவர் எவரோ, அவரே அக்கடமையைச் செய்பவர்.